பின்பாட்டிலிருந்து தனிக்குரலுக்கு: எல்.ஆர். ஈஸ்வரியும் கோத்தா திங்கித் தோட்டங்களும்

முன்னுரை

தமிழ்த் திரையிசையின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் குரல் கொடுத்தோர் என்னும் மூன்று வாயில்களின் வழியாகவே அதனுள் புகுந்துள்ளனர். பாட்டின் பின்னே நின்று பாடியவர்கள் இவ்வரலாற்றில் பெயரின்றியே போயினர். திரைப்படத்துறையினர் இவர்களைக் ‘கோரஸ்’ என்பர். நம் மரபில் இதற்குப் பின்பாட்டு என்னும் அழகிய சொல் உண்டு. வில்லுப்பாட்டிலும் பஜனையிலும் பின்பாட்டுக்காரர் இல்லையேல் ஆட்டம் நடவாது. ஆயினும் ஆட்டம் முடிந்தபின் முன்பாட்டுக்காரரின் பெயரே ஊராரிடம் எஞ்சும்.

இவ்வாறு பின்பாட்டில் தொடங்கித் தனிக்குரலாக உயர்ந்த எல்.ஆர். ஈஸ்வரியின் இசைவாழ்வை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. அவர் குழுவைவிட்டு வெளியேறியதனால் தனிப்பாடகரானார் என்பது பொதுக்கருத்து. குழுவைத் தம் குரலுக்குள்ளேயே சுமந்து சென்றதனால்தான் அவர் தனித்து நின்றார் என்பது நம் கருத்து. அதனை விளங்கிக்கொள்ளச் சென்னையின் ஒலிப்பதிவுக்கூடங்களை மட்டும் நோக்கினால் போதாது. அக்குரல் சென்று சேர்ந்த இடங்களையும் நோக்குதல் வேண்டும். அவ்விடங்களுள் ஒன்றாக ஜொகூர் மாநிலத்துக் கோத்தா திங்கியை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

குழுவில் ஒரு குரல்

லூர்து மேரி இராஜேஸ்வரி 1939ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அவர்தம் தாயார் நிர்மலா, ஜெமினி படப்பிடிப்பு நிலையத்தில் குழுப்பாடகியாகப் பணியாற்றியவர். தாயுடன் ஒலிப்பதிவுகளுக்குச் சென்றுவந்த சிறுமியும் அக்குழுவிலேயே இடம்பெற்றார். 1954இல் வெளிவந்த ‘மனோகரா’ படத்தின் குழுப்பாடலொன்றில் அவர் குரல் முதன்முதலில் ஒலித்தது. அப்படத்திற்கு இசையமைத்தவர் எஸ்.வி. வெங்கட்ராமன். பராசக்தி எழுத்தாளரின் வசனத்திற்காகவும் சிவாஜி கணேசனின் நடிப்பிற்காகவும் பேசப்பட்ட அப்படத்தில் பின்பாட்டுப் பாடிய பெண்களைப் பற்றி எவரும் எழுதவில்லை, எழுதுவது வழக்கமுமன்று.

முறையான கருநாடக இசைப் பயிற்சி அவருக்கு வாய்க்கவில்லை. குழுவே அவருக்குப் பள்ளியாயிற்று. அக்காலத்து ஒலிப்பதிவு முறையை அறிந்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். இன்றுபோல் ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பதிந்து பின்னர் இணைக்கும் வசதி அன்றில்லை. இசைக்கருவியாளரும் முதன்மைப் பாடகரும் குழுவினரும் ஒரே கூடத்தில் நின்று, பாட்டை முதலிலிருந்து முடிவுவரை ஒரே மூச்சில் பாடி முடித்தல் வேண்டும். குழுவில் ஒருவர் அரைநொடி பிந்தினாலும் அனைவரும் மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்ப வேண்டும். ஆதலால் குழுப்பாடகர் முதலில் கற்பது பாடுவதை அன்று, கேட்பதை. முன்பாட்டுக்காரர் எவ்விடத்தில் மூச்சு வாங்குகிறார், எச்சொல்லை எங்கு விடுகிறார், எங்கே தம் குரல் எழவேண்டும், எங்கே பிறர் குரலுக்குள் கரைந்து மறையவேண்டும் என்பவற்றைச் செவி உணர்ந்திருத்தல் வேண்டும். தனிப்பாடகராகவே தொடங்கியவர்க்கு இப்பயிற்சி எளிதில் கிட்டுவதில்லை.

1958இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் அவருக்குத் தனிப்பாடல் அளித்தார். எம்.எஸ். இராஜேஸ்வரி என்னும் பாடகி முன்னரே புகழ்பெற்றிருந்தமையால் புதியவரின் பெயர் எல்.ஆர். ஈஸ்வரி எனச் சுருங்கியது. ஆயினும் தமிழகம் அப்பெயரை நன்கு அறிந்துகொள்ள மேலும் மூன்றாண்டுகள் ஆயின. 1961இல் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தின் திருமணப் பாடலே அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. விசுவநாதன் – இராமமூர்த்தி இசையமைத்த அப்பாடல் இன்றும் தமிழர் திருமணங்களில் ஒலிப்பதை யாவரும் அறிவர்.

தலைவியும் தோழியும்

‘பாசமலர்’ பாடலின் அமைப்பை நாம் சற்று நின்று கவனித்தல் வேண்டும். அதில் மணமகள் பாடவில்லை. அவளை மணவறைக்கு அழைத்துச் செல்லும் தோழியர் பாடுகின்றனர். ஈஸ்வரியின் குரல் எடுத்துக்கொடுக்க, பிற பெண்குரல்கள் அதனைச் சூழ்ந்து வருகின்றன. அஃதாவது, அவரைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய பாடலே ஒரு குழுப்பாடல். ஏழாண்டுகள் பின்வரிசையில் நின்றவர் ஓரடி முன்னே எடுத்துவைத்தார், வரிசையைவிட்டு விலகவில்லை.

அகப்பாடல் மரபில் பயின்றோர்க்கு இந்நிலை புதிதன்று. தொல்காப்பியம் தலைவிக்குக் கூற்று வகுத்ததோடு நில்லாது தோழிக்கும் தனியே கூற்று வகுத்துள்ளது. தலைவி நாணத்தால் சொல்ல இயலாதவற்றைத் தோழி சொல்வாள், இடித்துரைப்பாள், நகையாடுவாள், தலைவனை வாயிலில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். அறுபதுகளின் திரையிசையில் பி. சுசீலாவின் குரல் தலைவி கூற்றாகவும் ஈஸ்வரியின் குரல் தோழி கூற்றாகவும் பாகுபட்டு அமைந்தன எனக் கொள்வது பொருந்தும். 1965இல் வெளிவந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் இருவரும் இணைந்து பாடிய பாடலும், 1963இல் வெளிவந்த ‘பெரிய இடத்துப் பெண்’ணில் டி.எம். சௌந்தரராசனுடன் இருவரும் பாடிய பாடலும் இவ்விரு குரல்களையும் அருகருகே வைத்துக் கேட்க உதவுவன.

தோழிக்குரிய உரிமை பின்னர்த் தோழியின் எல்லையையும் கடந்தது. நகைச்சுவை இணையர், தெருவில் கூவி விற்பவள், கேளிக்கை விடுதியில் ஆடுபவள் எனக் கதாநாயகி ஏற்கத் தயங்கிய வேடங்கள் யாவும் அவர் குரலை நாடின. 1968இல் ‘பணமா பாசமா’வில் இலந்தைப்பழம் விற்பவளுக்காகப் பாடியது பட்டிதொட்டியெங்கும் பரவியது. 1969இல் ‘சிவந்த மண்’ படத்தில் எம்.எஸ். விசுவநாதன் இசையில் சாட்டையடியின் ஒலிக்கிடையே பாடியதைத் திரையிசை ஆர்வலர் எவரும் மறவார். அடி விழும் ஒவ்வோரிடத்தும் குரலில் எழும் திடுக்கம், மூச்சின் அறுபடல், உடனே அடுத்த சொல்லைத் தாளம் தவறாமல் பற்றிக்கொள்ளும் திறம் ஆகியவற்றை நோக்கும்போது, குழுவில் பெற்ற செவிப்பயிற்சி இவ்விடத்தில் எவ்வாறு கைகொடுத்தது என்பது தெளிவாகும். சாட்டையொலியும் ஒரு பின்பாட்டே. அதற்கு மறுமொழியாகவே அவர் பாடுகிறார்.

உரத்த குரல் மட்டுமே அவருடையது என்பாரும் உளர். அவர்கள் 1972இல் வெளிவந்த ‘வெள்ளி விழா’வைக் கேட்டல் வேண்டும். கே. பாலசந்தர் இயக்கி வி. குமார் இசையமைத்த அப்படத்தில், செவியருகே கிசுகிசுப்பதுபோல் ஒரு பாடலைப் பாடியுள்ளார். ஒலிவாங்கிக்கு மிக நெருங்கி, மூச்சை அடக்கி, குரலை ஏறத்தாழப் பேச்சாக்கிப் பாடிய அப்பாடல் தாலாட்டுக்கும் காதற்பாட்டுக்கும் இடைப்பட்டது. 1974இல் வெளிவந்த ‘அவள் ஒரு தொடர்கதை’யிலோ அதே குரல் உலகை எள்ளி நகையாடுகிறது. இவ்வளவு விரிந்த குரலுக்குக் கதாநாயகியின் பாடல்கள் மிகுதியாக வாய்க்காமற் போனமைக்குக் குரலின் குறை காரணமன்று. ‘நல்ல பெண்’ணின் குரல் இன்னவாறு ஒலிக்கவேண்டும் என்னும் அக்காலத் திரையுலகின் தீர்மானமே காரணம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

1976இல் ‘அன்னக்கிளி’யுடன் இளையராஜா வந்தார், இசையின் போக்கு மாறியது. விடுதி நடனக் காட்சிகளின் தேவையும் மெல்லக் குறைந்தது. ஈஸ்வரியின் திரைவாய்ப்புகள் அருகின. திரையிசை வரலாற்றாசிரியர் பலர் அவர் கதையை இவ்விடத்திலேயே முடித்துவிடுகின்றனர். நம் நாட்டுத் தோட்டப்புறத்தில் கேட்டால், கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பர்.

கோத்தா திங்கியின் ஒலிபெருக்கி

கோத்தா திங்கி, ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்த பழைய ஊர். ஜொகூர் அரசின் வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. 1699இல் பல்லக்கில் சென்றுகொண்டிருந்தபோது கொல்லப்பட்ட சுல்தான் மகமூதின் கல்லறை அங்குள்ளது. மலாய் வரலாறு படிப்போர் அதற்காகவே அவ்வூருக்குச் செல்வர். தமிழர் வரலாறோ அவ்வூரைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகளில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழ்த் தொழிலாளர் லயங்களில் குடியேறினர். தோட்டந்தோறும் ஒரு மாரியம்மன் கோவில் எழுந்தது. பின்னாளில் ரப்பர் வீழ்ந்து செம்பனை எழுந்ததும், மக்கள் ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்ததும் நாம் அறிந்த செய்திகளே. அவற்றை ஈண்டு விரிக்கவில்லை.

இங்கு நமக்குத் தேவையானது ஒரே செய்தி. 1938இல் இந்திய அரசு, தேர்ச்சியற்ற தொழிலாளர் உதவியுடன் மலாயாவுக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. அதன்பின் தமிழகத்திலிருந்து ஆள் வருவது பெரிதும் நின்றது. கூத்துக் கற்றுத்தர வந்தவர், உடுக்கடித்துப் பாடத் தெரிந்தவர், அம்மனைத் தாலாட்டத் தெரிந்த பாட்டி ஆகியோர் மறைய மறைய, அவர்தம் இடத்தை நிரப்பப் புதியவர் வரவில்லை. வந்தவை குரல்கள் மட்டுமே. 1946இல் தொடங்கிய மலாயா வானொலியின் தமிழ்ப் பகுதி, தென்ஜொகூரில் தெளிவாகக் கேட்ட சிங்கப்பூர் வானொலி, திடலில் வெண்திரை கட்டிக் காட்டப்பட்ட படங்கள், கோவில் ஒலிபெருக்கியில் சுழன்ற இசைத்தட்டுகள் ஆகியவற்றின் வழியாகவே தமிழகத்துப் பாட்டு இங்கு வந்து சேர்ந்தது.

வானொலியின் பங்கு இவற்றுள் தனித்தன்மையுடையது. திரையில் பாட்டைக் காண்பவர் நடிகையை நினைவிற்கொள்வர். வானொலியில் கேட்பவர்க்கு நடிகை இல்லை. அறிவிப்பாளர் படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் சொல்லிவிட்டுப் பாடலை ஒலிக்கவிடுவார். படம் வந்து சேராத தோட்டத்திலும் பாடகியின் பெயர் வந்து சேர்ந்தது. திரையில் இரண்டாம் நிலையிலிருந்த ஒருவர் வானொலியில் முதல்நிலை பெற்றமைக்கு இதுவே காரணமாகலாம். நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் ‘பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி’ என்னும் அறிவிப்பைக் கேட்டு வளர்ந்தோர் அவரைத் தம் உறவினர்போல் ‘ஈஸ்வரி அம்மா’ என்றே குறிப்பிடுவதை இன்றும் இவ்வட்டாரத்தில் கேட்கலாம்.

பின்னர் அம்மன் பாடல்கள் வந்தன. ஈஸ்வரி மாரியம்மன் மீதும் கருமாரி மீதும் பாடிய பத்திப்பாடல்கள் முதலில் இசைத்தட்டுகளாகவும் பின்னர் ஒலிநாடாக்களாகவும் தமிழர் வாழும் நாடெங்கும் பரவின. அவற்றின் அமைப்பு எளிது. ஒருவர் ஓரடியைப் பாடுவார். பெண்குழு அதனை வாங்கித் திரும்பப் பாடும். பம்பையும் உடுக்கையும் விடாது முடுக்கும். கோவிலுக்குள் அமர்ந்து கேட்பதற்குரிய பாட்டாக இது அமையவில்லை. கரகம் எடுத்து நடப்பதற்கும், பால்குடம் சுமந்து வருவதற்கும், தீமிதிக் குழியைச் சுற்றி நின்று குலவையிடுவதற்கும் உரிய பாட்டு இது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் விடியற்காலையில் ஒலிபெருக்கியில் ஒலிக்கும்போது தோட்டத்தார் அதனைக் கேட்டனர். மாலையில் ஈஸ்வரியின் குரல் எழும்போதோ அவர்கள் உடன்பாடினர்.

இவ்வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி ஓய்வுபெற்ற மூதாட்டியொருவரிடம் இதுபற்றி நாம் வினவியபோது, “அந்தம்மா எடுத்துக் குடுக்கும், நாங்க வாங்கிக்குவோம்” என்றார். இசையாய்வாளர் பல பக்கங்களில் எழுதுவதை அவர் ஒரே தொடரில் சொல்லிவிட்டார். சென்னையில் பின்பாட்டுப் பாடியவர் முன்பாட்டுக்காரராக, கடல்கடந்த தோட்டத்துப் பெண்கள் அவருக்குப் பின்பாட்டாயினர். அவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை, ஒலிபெருக்கி இடைநின்றது.

மலேசியத் தமிழரின் உறுமி மேளக் குழுக்களில் இன்று அம்மன் பாடல் பாடும் இளைஞரிடமும் இம்முறை தொடர்வதைக் காணலாம். அவர்கள் நேரே கற்றது தம் மூத்த குழுவினரிடம். அம்மூத்தவர்க்கு ஒலிநாடாவும் ஆசிரியராயிருந்தது. நாட்டார் மரபு ஊரில் பிறந்து நகரத்துக்குச் செல்வது என்னும் நம் பாடநூல் விளக்கம் இங்கே பொருந்தவில்லை. ஊரின் பாட்டு சென்னை ஒலிப்பதிவுக்கூடத்திற்குச் சென்று, அங்கிருந்து வணிகப் பொருளாகக் கப்பலேறி, கோத்தா திங்கியில் மீண்டும் நாட்டார் மரபாகியிருக்கிறது.

சோல் இசையும் அருளும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசையோடு இவ்வரலாற்றை ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. ஆன்ம இசை என நாம் அதனைப் பெயர்க்கலாம். அங்கும் பின்வரிசைக் குரல்களின் கதை வருத்தத்திற்குரியது. டார்லின் லவ் என்னும் பாடகி 1962இல் முன்னின்று பாடிய பாடலொன்று ‘கிறிஸ்டல்ஸ்’ என்னும் வேறொரு குழுவின் பெயரில் வெளியிடப்பட்டு நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. அவர் பெயர் தட்டில் இல்லை. மெரி கிளேட்டன் 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்காகப் பாடிய பகுதி அப்பாடலின் உயிராகவே கருதப்படுகிறது. ஆயினும் தனிப்பாடகராக அவர் எதிர்பார்த்த இடம் கிட்டவில்லை. இத்தகையோரைப் பற்றி 2013இல் எடுக்கப்பட்ட ஆவணப்படம் மறு ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற பின்னரே உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. லூதர் வான்ட்ராஸ் போன்ற சிலர் மட்டும் பிறருக்குப் பின்பாட்டுப் பாடிப் பின்னர்த் தம் பெயரில் நிலைபெற்றனர். டேவிட் பவியின் 1975ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில் பின்னின்று பாடிய அவரின் முதல் தனித்தொகுப்பு 1981இல் பெருவெற்றி பெற்றது.

இவ்வொற்றுமையைவிட வேற்றுமையே நமக்குச் சுவையானது. சோல் இசை தேவாலயத்தில் பிறந்து சந்தைக்குச் சென்றது. தேவாலயத்தில் போதகர் ஓரடி சொல்ல, சபை மறுமொழி கூறும் வழக்கமே அவ்விசையின் எலும்புக்கூடு. அரீதா பிராங்கிளின் தம் தந்தையின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். அவரைப் போன்றோர் காதற்பாட்டுப் பாடியபோது, இறைவனுக்குரிய குரலை உலகியலுக்கு விற்றனர் என்னும் பழி எழுந்தது. ஈஸ்வரியின் பாதை இதற்கு நேர்மாறானது. அவர் சந்தையில் தொடங்கிக் கோவிலுக்கு வந்தார். கேளிக்கை விடுதிக் காட்சிகளுக்குப் பாடிய குரல், பிறப்பால் கத்தோலிக்கரான ஒருவரின் குரல், மாரியம்மன் முன்னிலையில் ஒலித்தது. தோட்டத்துக் கோவில்களில் அதனை எவரும் குற்றமாகக் கொண்டதாகத் தெரியவில்லை.

ஏன் கொள்ளவில்லை என்பதே கேள்வி. மாரியம்மன் வழிபாட்டில் குரலுக்குத் தூய்மை வேண்டப்படுவதில்லை, அருள் வேண்டப்படுகிறது. சிலப்பதிகார வேட்டுவ வரியில் தெய்வமேறப்பெற்ற சாலினி கண்ணகியைப் புகழ்ந்துரைக்கிறாள். அவள் எயினர் குலத்துப் பெண். அவள் பாட்டு பண்பட்ட அரங்கின் பாட்டன்று, மன்றத்தின் பாட்டு. அதே காப்பியத்தின் ஆய்ச்சியர் குரவையில் எழுவர் ஏழு சுரங்களாக நின்று கைகோத்து ஆடுகின்றனர்; துயரம் வரவிருப்பதை உணர்ந்த ஆயர்குலப் பெண்கள் தனித்தழாமல் குழுவாகப் பாடுகின்றனர். அருளும் குழுவும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. ஒருவர்மீது அருள் இறங்கப் பலர் பாடவேண்டும். ‘சோல்’ என்னும் சொல்லுக்கு அகராதி தரும் ஆன்மா என்பதைவிட, இவ்வருள் என்பதே நெருங்கிய தமிழ் என நமக்குத் தோன்றுகிறது.

இக்கோணத்தில் நோக்கின், திரையுலகம் குறையெனக் கருதிய இயல்புகளே கோவிலில் நிறைவாயின. குரலின் கரகரப்பு, சொல்லை அடித்து நிறுத்தும் முறை, மூச்சை மறைக்காத பாங்கு, எதிர்க்குரலுக்கு இடம்விட்டுப் பாடும் பழக்கம் ஆகியவை கதாநாயகிக்குப் பொருந்தா எனத் தள்ளப்பட்டவை. அவையே கரகத்தின் முன் நடப்பவளுக்கு ஏற்றவையாயின. திரையுலகமும் காலந்தாழ்ந்தேனும் இதனை உணர்ந்தது. 2011இல் ‘ஒஸ்தி’ படத்தில் தமன் இசையில் அவர் பாடியபோது அகவை எழுபதைக் கடந்திருந்தது. 2020இல் வெளிவந்த ‘மூக்குத்தி அம்மன்’ படத்தில் ஆடித் திருவிழாப் பாடலுக்கு அவரையே அழைத்தனர்.

கோத்தா திங்கித் தோட்டங்களில் இவ்விசைவழக்கு எவ்வாறு இயங்கிற்று என்பதற்கான சான்றுகள் அருகிவருகின்றன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த பெருவெள்ளத்தில் அந்நகரம் மூழ்கியதை ஜொகூர் மக்கள் மறந்திரார். ஒலிநாடாவும் தாளும் வெள்ளத்தைத் தாங்குபவையல்ல. தோட்டம் கைமாறியபோது கோவில்கள் இடம்பெயர்ந்தன. திருவிழா அறிக்கைகள், ஒலிபெருக்கிக்காரரின் குறிப்பேடுகள் போன்றவற்றைக் காத்துவைக்க எவருக்கும் கடமையில்லை. தோட்டப்பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்களிடமும் அவர்தம் மாணவர்களின் இல்லங்களிலும் எஞ்சியிருப்பவையே இன்று நமக்குக் கிடைக்கும் ஆவணங்கள்.

அவ்வாறு நம் கைக்கு வந்த சில அம்மன் பாடல் ஒலிநாடாக்களின் உறைகளைப் பார்த்தோம். அம்மனின் படம் பெரிதாக உள்ளது, அதன்கீழ் எல்.ஆர். ஈஸ்வரியின் பெயர் தெளிவாக அச்சிடப்பட்டுள்ளது. அவருக்குப் பின்பாட்டுப் பாடிய பெண்களைக் குறிக்க ‘குழுவினர்’ என்னும் ஒரே சொல் இருக்கிறது.